ஹெரால்டு வைப்பர்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால்

12 அக்டோபர் 2023, கேள்வி (திருச்சிக்காரன்)

1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. வைப்பர் நினைத்தால் ஓடுகிறது, நினைத்தால் நின்றுவிடுகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் நிற்கும், அடுத்த பள்ளத்தில் இறங்கினால் ஓடும். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "மோட்டார் வரைக்கும் 12 வோல்ட் வருது சார், அப்புறமும் ஓடலைன்னா மோட்டார் காலி" என்கிறார். மாருதி 800 மோட்டாரைப் போட்டுவிடலாமாம். ஐப்பசி பிறக்கப்போகிறது. மாற்றிவிடவா?

12 அக்டோபர், இரவு, பதில் (நானும் ஒரு ஹெரால்டுக்காரன்)

மாற்றாதீர்கள். ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். அது தானாக நிற்கும்போது பிளேடு எங்கே நிற்கிறது? கண்ணாடியின் அடியில், வழக்கமாகப் படுக்கும் இடத்திலா, நடுவில் எங்காவதா? பதில் வரும்வரை ஸ்பேனர் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

13 அக்டோபர்

"எங்கே நின்றால் என்ன, நிற்கிறதா இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விஷயமே அதில்தான் இருக்கிறது.

இந்த வண்டியில் இருப்பது லூகாஸ் கம்பெனியின் டிஆர்3ஏ மோட்டார். ஒரே வேகம். பானெட்டைத் தூக்கினால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் தலையில் ஒரு குவிந்த மூடியோடு. அதற்கு மூன்று வயர். பச்சை வயரில் சாவி போட்டதிலிருந்து கரண்ட் இருக்கும். வைப்பர் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. கறுப்பில் பச்சைக் கோடு போட்ட வயர் மோட்டாரிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போகிறது. மூன்றாவது, வெறும் கறுப்பு, எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குப் போகும் மறுவழி. ஆக, சுவிட்ச் கரண்ட் கொடுப்பதில்லை. எர்த்தைத்தான் கொடுக்கிறது. ஹாரன் பட்டனும் இதே கதைதான், ஹாரனில் கரண்ட் காத்துக்கொண்டிருக்கும், பட்டன் எர்த்தைத் தொட வைக்கும்.

அதனால் மோட்டாரில் 12 வோல்ட் வருகிறது என்று மெக்கானிக் சொன்னது சத்தியமான உண்மை. அதை வைத்து மோட்டார் காலி என்றதுதான் சரியில்லை. வைப்பரை ஆஃப் செய்துவிட்டு அளந்திருந்தாலும் அதே 12 வோல்ட் காட்டியிருக்கும்.

இனி குவிந்த மூடிக்கு வருவோம். அதற்குள் பார்க் சுவிட்ச் இருக்கிறது. அது மோட்டாருக்கு இன்னொரு எர்த் வழி. நீங்கள் டாஷ்போர்டில் ஆஃப் செய்தாலும், பிளேடு அடிக்கு வரும்வரை கறுப்பு வயர் வழியாக மோட்டார் எர்த் வாங்கிக்கொண்டு ஓடும். அடிக்கு வந்ததும் அந்த வழி அறுந்து நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது சுவிட்ச் பக்கத்து எர்த் விட்டுப்போனால் என்ன ஆகும்? மோட்டாருக்கு அது நீங்களே ஆஃப் செய்தது மாதிரிதான். சமர்த்தாக அடிக்கு வந்து படுத்துக்கொள்ளும். பச்சை வயர் பக்கம் விட்டுப்போனால் ஓடுவதற்கே வழி இல்லை, இருந்த இடத்திலேயே நிற்கும், பெரும்பாலும் நேர் எதிரே, உங்கள் கண்ணை மறைத்துக்கொண்டு.

பிளேடு படுக்கும் இடத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் கோளாறு என்று பாதி சொல்லிவிடலாம்.

13 அக்டோபர், மதியம்

மேலே சொன்னது டிஆர்3ஏ மாதிரியான, சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கிற ஒற்றை வேக மோட்டாருக்கு. பிற்கால அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டியில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டு, சுவிட்ச் ஆஃபில், பிளேடு படுத்திருக்கும்போது, மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஓடும் வயரை மீட்டரில் பாருங்கள். 12 காட்டினால் சுவிட்ச் எர்த் பக்கம், காட்டாவிட்டால் கரண்ட் பக்கம்.

14 அக்டோபர்

திருச்சிக்காரன் எழுதியிருக்கிறார்: "எப்போதும் அடியில்தான் சார் நிற்கிறது. நடுவில் நின்றதாக ஞாபகமே இல்லை."

அப்படியானால் பச்சை வயர் நல்லவர். மோட்டாரும் அநேகமாக நல்லவர். டாஷ்போர்டுக்குப் பின்னால்தான் தேட வேண்டும். அதற்கு முன்னால் மோட்டாருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம். ஒரு நீள வயரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் பிடியுங்கள். சாவியைப் போடுங்கள். வயரின் மறுமுனையை மோட்டாரில் கறுப்பு-பச்சை சேர்கிற இடத்தில் தொடுங்கள். ஓடினால், ஓடுகிற வேகமும் சரியாக இருந்தால், மோட்டாரைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை. அதைக் கழற்றவே வேண்டாம்.

கண்ணாடியை நனைத்துவிட்டுச் செய்யுங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் பிடித்து இழுத்தால் நல்ல மோட்டாரும் சோர்ந்த மாதிரி தெரியும்.

15 அக்டோபர்

பேட்டரியின் "எர்த் முனை" என்றுதான் எழுதினேன், நெகடிவ் என்று எழுதவில்லை. வேண்டுமென்றே. பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாற்றினால் வைப்பர் தலைகீழாகச் சுற்றாதா என்று தனிச்செய்தியில் ஒரு கேள்வி. சுற்றாது. டிஆர்3ஏ-வில் நிரந்தரக் காந்தம் கிடையாது, கரண்ட் போனால் காந்தமாகிற ஃபீல்டு காயில்தான். முனையை மாற்றினால் ஃபீல்டும் ஆர்மேச்சரும் (உள்ளே சுழலும் பகுதி) சேர்ந்தே திரும்பும், ஓட்டம் பழைய திசையிலேயே இருக்கும். உள்ளே நிரந்தரக் காந்தம் வைத்த புது மோட்டார்கள்தான் திசை மாறும். எலெக்ட்ரானிக் டைமர், எல்இடி வைத்த டெஸ்ட் லாம்ப், டயோடு வைத்த ரிலே இவற்றுக்கெல்லாம் முனை முக்கியம்.

17 அக்டோபர்

12 வோல்ட் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த ஒரு எண்ணை நம்பி குப்பைக்குப் போன நல்ல மோட்டார்கள் எத்தனையோ.

மல்டிமீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது. ஒரு கனெக்டரில் துரு ஏறி 2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் வைத்தால் முழு 12 காட்டும். இந்த மோட்டார் ஓடும்போது சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 2 ஓம் வழியாக 3 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 6 வோல்ட் அந்தத் துருவிலேயே தீர்ந்துபோகும். மோட்டாருக்குக் கிடைப்பது மிச்சம். அது முனகும், நகராது. பார்க்கிறவன் ஆர்மேச்சர் போச்சு என்பான்.

எனவே லோடு போட்டு அளக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது, அல்லது ஓட முயலும்போது, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை சுவிட்சின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ அழுக்கு. முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும்.

மீட்டர் இல்லையா? இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றும் ஹோல்டரும் இரண்டு முழ வயரும் போதும். அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு வழியாக அது பளிச்சென்று எரியாது, பொய் சொல்லவும் தெரியாது. என் டூல் பெட்டியில் மீட்டரை விட அதற்குத்தான் வேலை அதிகம்.

19 அக்டோபர்

இந்த உரையாடல் இழை திசைமாறி உருளைக்கிழங்குக்குப் போய்விட்டது. சரி, நானும் வருகிறேன்.

வைப்பர் கைவிட்ட மழையில் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பது உண்மையிலேயே கொஞ்ச நேரம் உதவும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும். லாரிக்காரர்கள் புகையிலையைத் தேய்ப்பார்கள், அதற்கும் அதே வேலைதான். என் மாமா திண்டிவனம் பக்கம் ஒரு மழையில் கடையில் உருளைக்கிழங்கு கேட்க, கடைக்காரர் கிலோ கணக்கில்தான் கொடுப்பேன் என்று நின்றாராம். வீட்டில் அந்த வாரம் முழுக்கப் பொரியல். அத்தை இன்றைக்கும் அந்தக் காரை மன்னிக்கவில்லை.

இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் இது உதவாது. ஓரம் கட்டி நிற்பதுதான் வழி.

20 அக்டோபர்

"லூகாஸ் என்றாலே இருட்டின் இளவரசன்" என்று ஒருவர் பழைய ஜோக்கை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். சிரித்தாயிற்று. ஆனால் ஐம்பத்தைந்து வருடத்து இணைப்பில், யாரோ ஸ்டீரியோ மாட்டும்போது சீண்டிய வயரில், பெயிண்ட் மேல் இறுக்கிய ஸ்க்ரூவில் வருகிற கோளாறுக்குத் தயாரித்தவரைத் திட்டி என்ன பயன்? சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது 1961இல். ஹெரால்டு மெட்ராஸில் வரத் தொடங்கியதும் அதே வருஷம். இரண்டுக்கும் வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

ஹெரால்டுக்கென்று எர்த் விஷயத்தில் ஒரு ஜாதகக் கோளாறு உண்டு. தனிச் சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. நடுநடுவே ரப்பர், பேக்கிங். ஒரே கூடாக வெல்டு செய்த வண்டியில் எர்த் எப்படியாவது சுற்றி வந்துவிடும். இதில் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சந்தேகம். நல்லபடியாகப் புதுப்பித்துப் பெயிண்ட் அடித்த வண்டிதான் இன்னும் மோசம், ஏனென்றால் போல்ட் உட்காரும் இடத்திலெல்லாம் பெயிண்ட். "ரெஸ்டோர் பண்ணினதுக்கு அப்புறம்தான் எலெக்ட்ரிகல் பிரச்சினை ஆரம்பிச்சுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பெயிண்ட்டைப் பற்றித்தான்.

என் வண்டியில் டாஷ்போர்டு மரப்பலகை. பலகையில் மாட்டிய சுவிட்சுக்கு எர்த் தானாக வராது, தனி வயர் வேண்டும். அந்த வயரைத் தேடுங்கள், திருச்சிக்காரன்.

22 அக்டோபர்

அவர் தேடிவிட்டார். படமும் போட்டிருக்கிறார். வந்து பாருங்கள், பாடப்புத்தகத்தில் போடலாம்.

முதலில் நான் சொன்னபடி ஜம்பர் வயர் வைத்திருக்கிறார், மோட்டார் பிசகில்லாமல் ஓடியிருக்கிறது. அப்புறம் டாஷ்போர்டை முன்னால் இழுத்து சுவிட்சின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். அது ஸ்டியரிங் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு தகரத் திருகில் முடிகிறது. அதே திருகில் ஸ்டீரியோவின் எர்த், டேஷ் விளக்கின் எர்த், இன்னதென்று தெரியாத ஒரு சிவப்பு வயர் எல்லாம் கூட்டுக்குடித்தனம். வயர் முனையில் இருக்கும் வட்ட லக்கின் அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, திருகின் புரி மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது. லக் கழுத்தில் செம்பு பச்சைப் பொடியாக உதிர்கிறது. பள்ளத்தில் இறங்கினால் தொடும், அடுத்ததில் விடும். அவர் முதல் நாள் எழுதியது அப்படியே இதுதான்.

பெயிண்ட்டைச் சுரண்டி, புது லக் போட்டு, பல் வாஷரோடு போல்ட் இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. அந்தச் சிவப்பு வயரை மட்டும் சும்மா விடாதீர்கள். எர்த் திருகில் சிவப்பு எதற்கு?

25 அக்டோபர்

ஓடாத வைப்பர் இப்போது நிற்காத வைப்பர் ஆகிவிட்டதாம். "ஆஃப் பண்ணினாலும் ஓடுது சார், சாவியைத் திருப்பினாத்தான் நிக்குது."

பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு இரண்டே இடம்தான். ஒன்று, கறுப்பு-பச்சை வயர் எங்கோ நசுங்கி எர்த்தைத் தொடுகிறது. சுவிட்ச் எப்போதும் ஆனில் இருப்பதாக மோட்டார் நினைக்கிறது. இரண்டு, பார்க் சுவிட்ச் அடியில் வரும்போதும் அறுபடவில்லை. பிரித்தறிய மோட்டாரிலிருந்து கறுப்பு-பச்சையை மட்டும் உருவுங்கள். சாவி போட்டிருக்கட்டும். பிளேடு அடிக்கு வந்து படுத்தால் முதலாவது. படுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டாவது.

டாஷ்போர்டை இழுத்துத் திரும்பத் தள்ளியவுடன் வந்த கோளாறு என்பதால் என் பந்தயம் முதலாவது மேல்.

25 அக்டோபர், இரவு

முதலாவதுதான். டாஷ்போர்டு பிராக்கெட்டின் விளிம்பில் வயர் அகப்பட்டு மேல்தோல் வெட்டியிருக்கிறது. இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி மூடாதீர்கள். வெயிலில் பசை வழிந்து இரண்டு கோடையில் அவிழ்ந்துவிடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, பிராக்கெட் விளிம்பில் ரப்பர் பீடிங் மாட்டுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. எர்த் பக்கம் சுவிட்ச் இருப்பதால் அந்த வயர் பாடியில் தொட்டதற்கு வைப்பர் ஓடியதோடு போயிற்று. பச்சை வயர் இப்படி நசுங்கியிருந்தால் புகை வந்திருக்கும்.

2 நவம்பர்

கோவையிலிருந்து இன்னொரு ஹெரால்டு. இவருக்கு வைப்பர் நன்றாக ஓடுகிறது, ஆஃப் செய்த கணமே அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அடியில் வரும்போது பார்த்து ஆஃப் செய்து பழகிவிட்டாராம். நம்மவர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள்.

இது கறுப்பு வயர். ஓடும்போது எர்த் டாஷ்போர்டு வழியாகக் கிடைத்துவிடுகிறது, ஆஃப் செய்ததும் கறுப்பு வயரை நம்பி இருக்க வேண்டும், அது ஏமாற்றுகிறது. மோட்டாரில் கறுப்பு வயர் சேரும் முனையையும் பேட்டரி எர்த்தையும் ஜம்பர் வைத்து இணைத்துவிட்டு ஆஃப் செய்து பாருங்கள். படுத்துவிட்டால் வேலை முடிந்தது. படுக்காவிட்டால் குவிந்த மூடியைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்கு முன்னால் மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறத்தில் பித்தளை வளையம் ஒன்று, ஒரு இடத்தில் வெட்டு விட்டிருக்கும். அதன் மேல் ஒரு தொடுமுனை சுற்றி வரும், வெட்டில் வரும்போது எர்த் அறும். வருஷக்கணக்கில் கிரீஸ் காய்ந்து கறுத்து வளையத்தின் மேல் வார்னிஷ் பூசிய மாதிரி உட்கார்ந்திருக்கும், விரல் நகத்தால் சுரண்டினால்தான் பித்தளை நிறம் தெரியும். பெட்ரோல் தொட்ட துணியால் துடையுங்கள். எமரி காகிதம் வேண்டாம், அதன் பொடி கரண்ட் கடத்தும், சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடித்தூள் காகிதம் போதும், அதுவும் மெல்லியது.

மூடியைத் திருப்பினால் பிளேடு படுக்கும் இடமும் நகரும். கீறிய கோடு அதற்குத்தான். பிளேடு கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கைத் தொட்டுப் படுத்தால் கொஞ்சம் ஒரு பக்கம், மேலே நின்றால் கொஞ்சம் மறுபக்கம். சாவியைப் போட்டுவிட்டு விரலை உள்ளே விடாதீர்கள்.

8 நவம்பர்

ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடலாமா என்று மூன்று பேர். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள், நான் முழு ஆதரவு. வைப்பருக்கு வேண்டாம். 3 ஆம்பியருக்கு அந்த சுவிட்சே தாராளம். ரிலே போட்டால் இன்னும் சில இணைப்புகள் கூடும், அதில் இரண்டு எர்த். பிரச்சினையே எர்த்தாக இருக்கும்போது இன்னும் இரண்டை எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது?

11 நவம்பர்

மேலே எழுதிய பிறகு யோசித்ததில் ஒரு சந்தேகம். ரிலே கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான புகார் "வைப்பர் மெதுவாக ஓடுகிறது" என்பது. அது கரண்ட் விவகாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இந்த மோட்டார் பிளேடை நேராகத் தள்ளுவதில்லை. குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருள் சுற்றிய கேபிள், ராக் என்பார்கள், முன்னும் பின்னும் போய்வருகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு வீல்பாக்ஸ், அதில் உள்ள பல்சக்கரத்தை ராக் உருட்டுகிறது. குழாயில் ஒரு நெளிவு இருந்தாலோ, உள்ளே இருக்கும் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தாலோ மோட்டாருக்கு அரை உயிர் போய்விடும். முழுக்கப் பிடித்துக்கொண்டால் 13 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும், தொட்டால் சுடும்.

பழைய லூகாஸ் அளவு ஒன்று உண்டு. பிளேடு, கை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மோட்டாரிலிருந்து ராக்கைப் பிரித்து, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் 6 பவுண்டுக்குமேல் போகக்கூடாது. அதாவது 2.7 கிலோ. லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் அதுவே போதும். என் வண்டியில் அது முதலில் காட்டியதைப் பார்த்துத் தராசு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ராக்கை முழுசாக உருவியபோது பழுப்பு நிறத்தில் சோப்பு மாதிரி கட்டி கட்டியாக வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குழாயில் துணி கட்டிய கம்பியை விட்டு இழுத்து, புது கிரீஸ் தடவி மாட்டியபின் வேகம் கூடியது கண்ணாலேயே தெரிந்தது. ஒரு வயரையும் தொடவில்லை.

மாட்டும்போது இரண்டு வீல்பாக்ஸ் மூடியையும் ஒரேயடியாக இறுக்காதீர்கள். தளர்வாக வைத்து, ராக்கை ஓட்டிப்பார்த்து, குழாய் நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

16 நவம்பர்

கார்பன் பிரஷ், அதாவது சுழலும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, எங்கே கிடைக்கும்? அச்சு அசலாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அளவில் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷைக் கொடுத்து "தேச்சுப் போட்டுக்கோங்க" என்பார்கள். தேய்க்கலாம், தப்பில்லை. பக்கங்களைத் தட்டையான கண்ணாடி மேல் காகிதம் வைத்துத் தேய்த்தால் கோணல் வராது. பழைய பிரஷ் கூட்டில் எப்படித் தானாக வழுக்கி விழுந்ததோ அந்தத் தளர்வு புதியதற்கும் வேண்டும். ஸ்டார்ட்டர் பிரஷ்ஷை வெட்டிக் கொடுப்பார்கள், அது மட்டும் வேண்டாம். அதில் செம்பு அதிகம், பிரஷ் உரசுகிற இந்தச் சின்ன கம்யூடேட்டரை (ஆர்மேச்சர் முனையில் உள்ள செம்புப் பட்டைகள்) அரைத்துவிடும்.

பிரஷ் மாற்றும்போது கம்யூடேட்டர் பட்டைகளுக்கு நடுவே உள்ள காடிகளில் கரித்தூள் அடைத்திருக்கிறதா பாருங்கள். பல் குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தால் போதும்.

9 டிசம்பர்

கொஞ்ச நாள் இங்கே வர முடியவில்லை. மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி இரவு தொடங்கிய மழை 4ஆம் தேதி தெருவையே ஏரியாக்கிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஹெரால்டை முன்னாலேயே மேட்டுக்கு ஏற்றியிருந்தேன், கார்ப்பெட் நனைந்ததோடு தப்பித்தது. பக்கத்து வீட்டு புது வண்டி சீட் வரைக்கும் முழுகிவிட்டது, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் தண்ணீருக்குள். அவர் என் வண்டியைப் பார்த்த பார்வையில் ஒரு பொறாமை இருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக.

தண்ணீர் பார்த்த வண்டிக்காரர்களுக்கு: பேட்டரி வயரை உருவிவிட்டுத்தான் மற்ற வேலை. ஈரத்தில் கரண்ட் இருந்தால் செம்பு கண்முன்னே கரையும். காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம். வயரின் மேல்தோலுக்குள் தண்ணீர் இழைகளோடு ஏறிவிடும். ரப்பர் உறை போட்ட புல்லட் கனெக்டர்கள் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக உருவி, துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்ப அழுத்துங்கள். வயரின் முனையை ஒரு அங்குலம் உரித்துப் பார்த்து உள்ளே செம்பு கறுத்திருந்தால் செம்பு நிறம் தெரியும்வரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் சாலிடர் ஒட்டாது, ஒட்டிய மாதிரி நடிக்கும்.

12 டிசம்பர்

திருச்சிக்காரன்: "மழையில் ஊருக்குப் போய் வந்தேன் சார், வைப்பர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மெக்கானிக் இன்னும் மாருதி மோட்டார்தான் நிரந்தரத் தீர்வு என்கிறார்."

அவரோடு சண்டை போடாதீர்கள், மற்ற வேலைக்கு அவர் வேண்டும். ஆனால் இதைச் சொல்லுங்கள். மாருதி 800 மோட்டார் முழுவட்டமாகச் சுற்றி, கிராங்க் வைத்து, இரும்புத் தண்டுகளை அசைக்கிறது. ஹெரால்டுக்கு வேண்டியது முன்னும் பின்னும் போகிற ராக். இரண்டையும் சேர்க்க லிங்கேஜ் முழுதும் வெட்டி வெல்டு செய்ய வேண்டும். வயரிங்கும் தலைகீழ். நிரந்தரக் காந்த மோட்டார், எர்த் அதன் உடம்பிலேயே, எனவே சுவிட்ச் கரண்ட் பக்கம் வந்தாக வேண்டும். பழைய எர்த் சுவிட்சை அப்படியே வைத்துக் கொடுத்தால் ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் வயரிங் போகும்.

ஆர்மேச்சரே எரிந்துபோய் ரீவைண்டிங்கும் சரிப்படவில்லை என்றால் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்பு சுத்தமாகக் கூடாது என்று இருந்தேன், இப்போது அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஆனால் அப்போதும் லூகாஸ் 14டபிள்யூ பக்கம் போங்கள். அதுவும் ராக்கால் ஓடுவதுதான், இரண்டு வேகம் கொண்ட ரகமும் உண்டு. ராக் கேபிளை அந்த மோட்டாருக்கு உரியதாகவே போட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய மோட்டாரைத் தூக்கிப் போடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

6 ஜனவரி 2024

சிவப்பு வயர் மர்மம் தீர்ந்தது. முந்தின உரிமையாளர் மாட்டிய மூடுபனி விளக்கின் எர்த். கையில் கிடைத்த நிறத்தில் போட்டிருக்கிறார். ஒரு டேக் கட்டி "எர்த்" என்று எழுதி வைத்துவிட்டதாகச் சொல்கிறார், சரிதான்.

வைப்பர் லைனில் ஃபியூஸே இல்லை, எத்தனை ஆம்பியர் போடுவது என்று கேட்டிருக்கிறார். என் வண்டியிலும் இல்லை, நானும் பச்சை வயரில் இன்லைன் ஹோல்டர்தான் போட்டிருக்கிறேன். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போடுங்கள். ஓடும்போது 3, தொடங்கும் கணத்தில் கொஞ்சம் கூடும், அதைத் தாங்கும். ராக் பிடித்துக்கொண்டு 13, 14 என்று இழுத்துக்கொண்டே இருந்தால் உடனே இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதுதான் நமக்கு வேண்டியது.

பழைய புத்தகங்களைப் பார்த்து 35 என்று போடாதீர்கள். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. கண்ணாடி 35-க்குப் பதில் பிளேடு 35 போட்டால் ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், வயர் எரியும்.

வாஷர் பம்ப் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே போட்டால் யாருக்கும் கிடைக்காது.